யாரும் இல்லாத நேரத்து முகம்

வேன் வாசலில் திரும்பும்போதே அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பின்னால் குதிரை ஏற்றும் இழுவை வண்டியை இழுத்துக்கொண்டு அந்தப் பழைய நீல வேன் கால்நடை மருத்துவமனை முற்றத்துக்குள் மெதுவாக நுழைந்தது. அவள் கணவன் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கொண்டுவிட, கூட்டிப்போக என்று முன்பெல்லாம் வருவான். இப்போது அவளே பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறாள். காரணம் இல்லாமல் வரமாட்டான்.

அவன் இறங்கினான். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

"சீமாட்டிக்கு வயிறு சரியில்ல. காலையில தீவனத்தத் தொடல. படுக்கறதும் எழுந்துக்கறதுமா இருந்துச்சு. உனக்கு போன் பண்ணலாம்னு நெனச்சேன். அப்பறம், பேசற நேரத்துல ஏத்திடலாம்னு ஏத்திட்டேன்."

"நல்லது பண்ணீங்க. இறக்குங்க."

சீமாட்டி இறங்கினாள். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, கிழவிக்குரிய குழி விழுந்த கண்மேடுகள். அவர்களுடைய சவாரிப் பள்ளியில் முதன்முதலாகக் குதிரை ஏறும் குழந்தைகளையெல்லாம் அவள் முதுகில்தான் ஏற்றுவார்கள். சேணம் வைக்க வரும்போது மூக்கைச் சற்று உயர்த்தி, வேலைக்காரியைப் பார்ப்பதுபோல ஆளைப் பார்ப்பாள். அதைப் பார்த்து நாத்தனார் வைத்த பெயர்தான் சீமாட்டி. மற்றபடி பொறுமையின் மறு உருவம். முதுகில் இருக்கும் பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்தால் தானே நின்றுவிடுவாள்.

பரிசோதனை அறையில் அவள் கணவன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் வேலையில் இறங்கினாள். நாடி கொஞ்சம் அதிகம். ஈறு வெளிர்ந்திருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. ஸ்கேனில் குடல் சோம்பலாக அசைந்தது. வயிற்று நீரை ஊசியில் எடுத்துப் பார்த்ததும் முடிவு இப்படியுமில்லை, அப்படியுமில்லை என்று வந்தது. பெரிய டாக்டரை அழைத்தாள். குதிரை அறுவையில் பெயரெடுத்த பெண்மணி அவர். எதற்கும் அவசரப்படமாட்டார், எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்.

அவர் ஸ்கேனை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மலக்கட்டு மாதிரிதான் தெரியுது. மூக்குக் குழாய் வழியா தண்ணி குடு. வலிக்கு ஊசி போட்டாச்சு இல்ல? அந்த ஊசியையும் மீறி வலி வந்தா அடுத்த நிமிஷம் வயித்தத் திறந்துடறேன். வரலைன்னா திறக்க வேணாம். இந்த வயசுல மயக்கம் குடுக்கறதே கண்டம். புரியுதா?"

"புரியுது மேடம்."

"நான் அங்க ஒரு கால் எலும்போட மல்லுக்கட்டப் போறேன். உன் கேமரா என்ன சொல்லுதுன்னு போன் பண்ணு."

ஆக, எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் வந்து நின்றது. ஊசியை மீறி வலி வருகிறதா, இல்லையா.

அதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் இத்தனை வருடமும் உழைத்திருந்தாள். குதிரைக்கு வலித்தால் நாயைப்போல முனகாது. பிடித்துத் தின்ன வருபவனுக்குத் தன் பலவீனம் தெரியக்கூடாது என்று பழகிய உடம்பு அது. ஆனால் முகம் கொஞ்சம் காட்டிக்கொடுத்துவிடும். காது பின்னால் விறைக்கும், கண்ணின் மேல் இமை கூரை மாதிரி முனை எழும், மூக்குத் துவாரம் இறுகும், மோவாய் கல்லாகும். மருத்துவமனை லாயத்தின் மூலையில் பொருத்திய ஒரு கேமராவும் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரும் இந்த மாற்றங்களை ஓயாமல் பார்த்து மதிப்பெண் போடும். ஆயிரக்கணக்கான குதிரை முகங்களைக் காட்டி அவளும் அவள் குழுவும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடந்த சில மாதங்களில் அதன் பேச்சைக் கேட்டு நேரத்தோடு கத்தி வைத்ததால் பிழைத்த குதிரைகள் உண்டு.

"முகத்தப் பாத்து ஜோசியம் சொல்றவள நான் ஊர்ல பாத்திருக்கேன். குதிரைக்குச் சொல்றவ நம்ம வீட்டு மருமக ஒருத்திதான்" என்பாள் நாத்தனார்.

அந்தக் கேமராவுக்கு ஒரே ஒரு விதி. லாயத்துக்குள் ஆள் இருக்கக்கூடாது. ஆள் பக்கத்தில் இருந்தால் குதிரை தன்னை அடக்கிக்கொள்ளும், முகம் பொய் சொல்லும். குதிரையோடு வருகிறவர்களை மரியாதையாக வெளியே அனுப்புவது அவள் வேலை. பெரிய மனிதர்களையும் அனுப்பியிருக்கிறாள், அழுத பெண்களையும் அனுப்பியிருக்கிறாள்.

மூக்குக் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டு, லாயத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும், அவன் சீமாட்டியின் கழுத்தில் கை வைத்தபடி கேட்டான்:

"நான் இங்கயே இருக்கட்டுமா?"

அவள் வாயைத் திறந்தாள். 'கொஞ்சம் வெளியே இருங்க' என்ற வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

போன வருட மழைக்காலத்தில், வேறொரு மருத்துவமனையில், மனிதர்களுக்கான மருத்துவமனையில், அவள் அவனிடம் அதைத்தான் சொன்னாள். பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு டாக்டர் போன பிறகு அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெளியே போங்க" என்றாள். அவன் போனான். கூப்பிடும்வரை வரவில்லை. வீடு திரும்பியதிலிருந்து எல்லாவற்றுக்கும் "சரி" என்கிறான், "பரவாயில்ல" என்கிறான். தங்கள் சொந்தப் படுக்கையறைக்குள் வருவதற்கே கதவைத் தட்டிவிட்டு வருகிறான். அந்தத் தட்டல் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கும்.

இன்று அவனே வந்து கேட்கிறான். இருக்கட்டுமா என்று.

"இருங்க" என்றாள்.

சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். விதி அந்நியர்களுக்காக எழுதியது. வெள்ளைக் கோட்டைக் கண்டு குதிரை மிரளும், அதற்காக. இவன் சீமாட்டி குட்டி போட்டபோது வைக்கோலில் படுத்துக்கிடந்தவன். இவன் இருந்தால் அவளுக்கு ஆறுதல்தான். போதாதற்கு, சுவரோரமாகத்தான் நிற்கிறான். கேமராவை மறைக்கவில்லை.

படித்தவர்களுக்குச் சமாதானம் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

பக்கத்து அறையில் போய்த் திரைமுன் உட்கார்ந்தாள். மதிப்பெண் இரண்டு. கொஞ்ச நேரத்தில் ஒன்று. மறுபடி இரண்டு. எட்டைத் தாண்டினால்தான் கவலை. திரையில் சீமாட்டி தலையைத் தாழ்த்தி அவன் தோளருகே மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள். காதுகள் அவன் பேச்சின் பக்கம் திரும்பியிருந்தன.

போன் அடித்தது. "முகம் என்ன சொல்லுது?" என்றார் பெரிய டாக்டர். பின்னால் ஏதோ இயந்திரம் ரீங்கரித்தது.

"ரெண்டுதான் மேடம். அமைதியா இருக்கு."

"சரி. அப்ப பொறுப்போம்."

உள்ளே ஆள் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. விதியை எழுதியவளிடம் அதை யார் கேட்பார்கள்?

நாடி பார்க்க லாயத்துக்குள் போனாள். முன்பைவிட இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. புது இடம், வண்டிப் பயணம், மூக்கில் குழாய் என்று நினைத்துக்கொண்டாள். உடனே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"தேவலையா?" என்றான்.

"தேவலைதான்னு காட்டுது."

"இவளுக்கு உன்னப் பிடிக்காதே, தெரியுமில்ல?"

"எனக்கா தெரியாது? கல்யாணமாகி வந்த அன்னைக்கே என் முந்தானையக் கடிச்சு இழுத்தவளாச்சே."

"அது சும்மா, எந்தக் கடையில வாங்கினதுன்னு பாத்தா."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு இருவரும் கொஞ்சம் திடுக்கிட்டதுபோல நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அவன் மெல்ல ஏதேதோ சொன்னான். மூக்குச்சளி ஒழுகும் ஒரு பையன் இப்போது சவாரிக்கு வருகிறானாம். சீமாட்டியின் பிடரியில்தான் மூக்கைத் துடைக்கிறானாம். அவள் அதையும் பொறுத்துக்கொள்கிறாளாம். தங்களுடைய இன்னொரு குதிரை மொட்டையன், பிடரி மயிர் கொட்டிப்போன அந்தக் கிழவன், சீமாட்டி குடித்த பிறகுதான் தொட்டியில் வாய் வைக்கிறானாம்.

"பொண்டாட்டிக்குப் பயந்தவன்" என்றாள் அவள்.

"குடும்பம் நடத்தத் தெரிஞ்சவன்னு சொல்லு."

ஒரு வருடமாக அவர்கள் வீட்டில் இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசப்பட்டதில்லை. வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. வைக்கோலும் மருந்தும் ஈரமும் கலந்த வாசனையில், குதிரையின் வெதுவெதுப்பான உடம்புக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளுமாக நின்றார்கள். அவளுக்குத் திரைக்கு முன் போக மனம் வரவில்லை. போனபோதும் எண் இரண்டுதான் இருந்தது. மத்தியானம் முழுக்க அது அப்படியே இருந்தது. சாணம் மட்டும் விழவில்லை.

அவன் போன் அடித்தது. நாத்தனார்தான். குரல் லாயத்துக்கு வெளியே நின்ற அவளுக்கே கேட்டது.

"டேய், வாசல்ல ஒருத்தன் என்னை உள்ள விடமாட்டேங்கறான். நோயாளி பேரு என்னங்கறான். சீமாட்டின்னேன். வயசு, விலாசம் கேக்கறான். நீ வந்து சொல்லு, எனக்கு வாயில நல்லா வருது."

"இரு அக்கா, வரேன்" என்று அவன் சீமாட்டியின் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே ஓடினான். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் சீமாட்டி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காலடிச் சத்தம் முற்றத்தில் தேயும்வரை காதுகள் முன்னால் இருந்தன.

பிறகு அவை மெல்லப் பின்னால் போயின. கண்ணின் மேல் இமை முனை எழுந்தது. மூக்குத் துவாரம் இறுகியது. ஐந்து. ஒன்பது. பதினொன்று. யாரோ ஒருவர் முகமூடியைக் கழற்றி வைத்ததுபோல இருந்தது. சீமாட்டி கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்த்தாள், முன்காலால் தரையைப் பிறாண்டினாள், முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தாள்.

அவள் நாற்காலி கவிழ எழுந்து ஓடினாள்.

லாயக் கதவை அவள் எட்டியபோது எதிர்த்திசையிலிருந்து அவனும் வந்துவிட்டான். பின்னால் சாப்பாட்டு டப்பாவோடு நாத்தனார். வைக்கோலில் வியர்வை வழியக் கிடந்த சீமாட்டி அவனைப் பார்த்தாள். பார்த்ததும் முன்கால்களை ஊன்றி, நடுங்கி, எழுந்து நின்றாள். காதுகளை அவன் பக்கம் திருப்பினாள்.

"பாத்தியா, எழுந்துட்டாளே!" என்றாள் நாத்தனார்.

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

அறுவை அறையில் பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்தார். கொழுப்புக் கட்டி ஒன்று, நெல்லிக்காய் அளவுதான், நீளமான காம்பில் தொங்கியபடி சிறுகுடலைக் கயிறுபோலச் சுற்றி இறுக்கியிருந்தது. வயதான குதிரைகளுக்கு வருவது. ஸ்கேனில் ஆரம்பத்தில் பிடிபடாது. இறுகிய இடத்துக்கு அப்பால் குடல் கறுத்துக் கிடந்தது. கை நீளம், அதற்கும் மேல், இன்னும் மேல். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"மத்தியானத்துக்கு முன்னாடி திறந்திருந்தா…" என்று ஆரம்பித்த பெரிய டாக்டர் அவள் கண்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, முகம் ரெண்டுதானே காட்டுச்சு?"

"நான் ஆள உள்ள விட்டிருந்தேன் மேடம்."

பெரிய டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போய் உன் வீட்டுக்காரரக் கேளு. எழுப்பினா வலியிலதான் எழுந்துக்கும். எழுப்ப வேணாம்னு என் அபிப்பிராயம்" என்று மட்டும் சொன்னார்.

அவள் நடைவழிக்கு வந்தாள். நாத்தனார் பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னாள். தினம் தினம் குதிரைக்காரர்களிடம் சொல்கிற அதே வார்த்தைகள்தான். அவன் முன்னால் அவை வேறு யாருடைய வாயிலிருந்தோ வந்தன.

"நான் பாக்கலாமா?"

"வாங்க."

பச்சைத் துணிகளுக்கு வெளியே சீமாட்டியின் தலை மட்டும் தெரிந்தது. நாக்கு பக்கவாட்டில் சரிந்திருந்தது. அவன் அதை மெதுவாக எடுத்து உள்ளே வைத்தான். அது மறுபடி சரிந்தது. நெற்றிக் கீற்றின்மேல் உள்ளங்கையை வைத்து, "சரி" என்றான். பெரிய டாக்டர் மருந்தைச் செலுத்தினார்.

நாத்தனார்தான் வாய்விட்டு அழுதாள். "மூக்க மூக்கத் தூக்குவியேடி… இப்படியா கெடப்ப…" என்று சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சவாரிக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்றாள். அவள் தன் ஸ்கூட்டரில் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். டப்பா பெஞ்சிலேயே இருந்தது.

முற்றத்தில் தூறல் நிற்கவில்லை. அவன் இழுவை வண்டியின் பின்கதவை மூடித் தாழ்ப்பாளைப் போட்டான். உடலை மறுநாள் மருத்துவமனையே அடக்கம் செய்யும். வண்டியில் ஏற்ற எதுவும் இல்லை. ஆனாலும் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். திரும்பாமலே கேட்டான்:

"என்னப் பாத்துத்தான எழுந்து நின்னா?"

அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள். தெரியாது என்று சொல்லலாம். அந்தக் கட்டி எப்படியும் கொன்றிருக்கும் என்று சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. நாளைக்கே அவன் அதை நம்பிவிடுவான், நம்ப முயல்வான். மறுநாளிலிருந்து மறுபடி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவான்.

"ஆமா" என்றாள்.

"காலையிலேர்ந்தே அப்படித்தானா?"

"இருக்கும். நீங்க பக்கத்துல இருந்தா அவ வலியக் காட்டல. ஆள் இருந்தா குதிரை காட்டாது. அதனாலதான் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு வச்சிருக்கோம். நான்தான் வச்சேன்."

அவன் திரும்பினான். மழைத்துளி அவன் புருவத்தில் தொங்கியது.

"அப்ப என்னை ஏன் விட்ட? வெளிய போன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பேனே."

"தெரியும். போயிருப்பீங்க. அதனாலதான் சொல்லல."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்தது முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கு நான் உங்கள வெளிய போகச் சொன்னது," என்று தொடங்கினாள். நிறுத்தி மறுபடி தொடங்கினாள். "நீங்க கையப் பிடிச்சிட்டு நின்னீங்க. நீங்க இருந்தா நான் தைரியமா இருக்கணும். என்னால முடியல. கத்தி அழணும்போல இருந்துச்சு. அதான். உங்க மேல கோபம்னு நெனச்சீங்களா?"

"கோபம்னு நெனக்கல." அவன் தாழ்ப்பாளைப் பார்த்தான். "நான் தேவையில்லன்னு நெனச்சேன்."

உள்ளே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து அறுவை அறைத் தரையைக் கழுவும் சத்தம் கேட்டது.

"ஒரு குதிர செத்துப்போச்சு நமக்குள்ள," என்றான். குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "பரவாயில்லன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"சொல்லாதீங்க."

"நாளைக்கும் முடியுமான்னு தெரியல."

"வேணாம்."

அவன் சாவியை எடுத்தான். கதவுத் துளையில் அது பொருந்தவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு அவளிடம் நீட்டினான். "நீ ஓட்டு."

அவள் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு ஓட்டினாள். காலி வண்டி ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் துள்ளியது. காலையில் சீமாட்டியின் எடையில் அது சாலையோடு அழுந்தி வந்திருக்கும். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போன பிறகு அவன் தோள் குலுங்குவது கண்ணோரத்தில் தெரிந்தது. பிறகு சத்தமும் வந்தது. அவன் அதை அடக்கவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள். சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

சவாரிப் பள்ளியின் கேட்டுக்குள் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதுமே லாயத்திலிருந்து மொட்டையன் கனைத்தான். நீளமாக, கேள்வி கேட்பதுபோல. பதிலுக்காக நிறுத்தினான். மறுபடி கனைத்தான்.

அவள் எஞ்சினை அணைத்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், இழுவை வண்டியின் பின்கதவை முழுவதும் திறந்து வைத்தான். மொட்டையனை லாயத்திலிருந்து கூட்டி வந்தான். மொட்டையன் கழுத்தை நீட்டி வண்டிக்குள் முகர்ந்தான். தரைப் பாயில் சீமாட்டி நின்ற இடத்தை மூக்கால் தள்ளினான். உள்ளே ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு, இருட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டான்.

"வரலடா. அவ வரல," என்றான் அவன்.

மொட்டையன் நகரவில்லை. அவனும் இழுக்கவில்லை. அவள் வேனிலிருந்து இறங்கி வந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.